காரில் பெட்டி வைத்தவர்

பாட்டுக் கேட்பவர்கள் உண்டு, பாடுபவர்கள் உண்டு, இரண்டுமில்லாமல் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. இந்த மூன்றிலும் சேராத ஓர் இனம் இருக்கிறது. பெட்டிக்காரர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவர் கார் திருப்பத்தில் வரும்போதே உங்கள் ஜன்னல் கண்ணாடிக்குத் தெரிந்துவிடும்.

காரில் பேஸ் என்கிற கனத்த அடியை அதிரவிடும் சப்வூஃபர் ஸ்பீக்கர் வைப்பது பெரிய விஷயமில்லை. அதை எந்தப் பெட்டிக்குள் வைப்பது என்பதுதான் இவருடைய வாழ்க்கைப் பிரச்சினை. நாலாபக்கமும் மூடிய பெட்டியா, காற்று போய்வரக் குழாய் வைத்த பெட்டியா? மூடியதில் அடி சுத்தமாக விழும், ஆழம் போதாது. குழாய் வைத்ததில் ஆழம் இருக்கும், கொஞ்சம் இழுக்கும். குழாயை ஒரு விரற்கடை அறுத்தால் ஒரு மாதிரி, உள்ளே பஞ்சைத் திணித்தால் வேறு மாதிரி என்று யோசித்து யோசித்து, தச்சரிடம் மறுபடியும் பலகை அறுக்கச் சொல்லியிருப்பார். பழைய பெட்டிகள்? ஒன்றின்மேல் மனைவி இஸ்திரி போடுகிறாள். டிக்கியில் ஒரு குடைக்குக்கூட இடமில்லை. வெளியூர் போனால் மூட்டை முடிச்செல்லாம் மாமியார் மடியில்தான்.

சரி, பாட்டு? எந்தப் பாட்டையும் அவர் முழுதாகக் கேட்டது கிடையாது. அடி விழும் இடத்துக்குத் தாவுவார், கண்ணை மூடுவார், "இங்கதான் கொஞ்சம் கொழகொழன்னு இருக்கு" என்பார். மறுபடியும் அதே இடம்.

இப்படிப்பட்டவருடைய மகள் முதன்முதலாக ஒரு பாட்டைப் பாடிப் பதிவுசெய்து வந்தாள். அவள் குரலும் ஒரு கிடாரும், அவ்வளவுதான். இசைக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அதில் சேர்வதா, கணக்கே படிப்பதா என்பது அப்பா இதைக் கேட்டுவிட்டுச் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது.

"உங்க கார்லதான்பா மொதல்ல கேக்கணும். அம்மாக்குக்கூட போட்டுக் காட்டல."

பெட்டிக்காரர் பூரித்துப்போனார். பாட்டு தொடங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அடியே காணோம்! அவருக்குத் திக்கென்றது. "இரும்மா, பெட்டியில ஏதோ கோளாறு" என்று இறங்கி ஓடி டிக்கியைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், ஒயரை ஆட்டினார், ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார், குழாய்க்குள் முழங்கை வரை கையை நுழைத்துத் துழாவினார். முன்சீட்டில் மகளின் குரல் உச்சிக்கு ஏறி, மெல்ல இறங்கி, முடிந்தது.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லவேளை, ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்கு. உன் பாட்டுலதான் பேஸ் இல்ல. வேற ஏதாவது போடு, செக் பண்ணிடலாம்."

போட்டாள். நல்ல பெண். வேறு யாரோ பாடினார்கள், கதவெல்லாம் அதிர்ந்தது, அப்பா முகத்தில் அப்படியொரு நிம்மதி. கேள்விப்பட்ட எனக்கு அந்த மனிதரைத் தோளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. மகள் கணக்கிலேயே சேர்ந்துவிட்டாள். அவளுக்குக் கணக்கில்தான் ஆர்வம் என்று பெட்டிக்காரர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? உங்களிடம் பெட்டியும் இல்லை, காரும் இல்லை என்கிறீர்களா? இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்களும் "ம்" என்றீர்கள். என்ன கேட்டார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.