துபாய் லைன் அறுந்த கதை

"மாப்ளைக்கு மால போட மச்சான் வேணாமா நைனா? எப்ப வர்ற, அத்த மட்டும் சொல்லு..."

டொக். லைன் போய்விட்டது.

கன்னியம்மா ஹெட்போனைக் கழற்றிக் கமாலிடம் நீட்டினாள். "உன் மிசினு மறுபடியும் மூச்ச வுட்டுச்சுப்பா."

கமாலின் திருவொற்றியூர் பிரவுசிங் சென்டருக்கு நெட்போன்தான் சோறு போட்டது. கத்திவாக்கத்தில் மீன் விற்றுவிட்டுக் காலிக்கூடையோடு வரும் கன்னியம்மாவுக்கோ, ஏஜெண்டை நம்பித் துபாய்க்குப் போன மகன் பொன்ராஜே அந்த ஒயருக்குள்தான் இருந்தான். அவனும் அங்கே இப்படியொரு கடையில் உட்கார்ந்துதான் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை தங்கை கீர்த்திக்குக் கல்யாணம். வருவானா, மாட்டானா? பதில் வருமுன் லைன் அறுந்துவிடுகிறது.

கமால் புது ஹெட்போன் மாட்டினான். இப்போது மகன் குரலே வரவில்லை.

"இன்னாப்பா, புள்ளைய ஊமையாக்கிட்டியே!"

பழசையே மாட்டினான். ஆளுக்கு ஆள் நெட்டைப் பங்கு போடுவதுதான் கோளாறு என்று மற்ற கம்ப்யூட்டர்களை அணைத்தான். பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வந்திருந்த பெண்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"மார்க் வர்ற நேரத்துல ஆஃப் பண்றியேண்ணா, நெஞ்சு நின்னுடும்போல கீது!"

பொன்ராஜ் மட்டும் வந்தான். "அம்மா, இங்க செம வெயிலும்மா..." டொக்.

பாவம் கமால், மோடத்தைப் பிரித்துத் துடைத்தான். அத்தோடு கடை முழுக்க லைனே செத்தது. வேறு வழியில்லாமல், மீஞ்சூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இதே தொழில் செய்யும் தோஸ்து லூயிஸைச் செல்போனில் கூப்பிட்டான். லூயிஸ் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஓடிவந்தான்.

திருகிய ஒயரை நேராக்கியதும் லைன் வந்தது, பொன்ராஜும் வந்தான். லூயிஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஹலோ, துபாயா?" என்றான். கேட்கக் கேட்க அவன் கண் விரிந்தது. டொக்.

"உன் மிசினு நல்லாத்தான் கீது மாமு."

கன்னியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அப்ப கோளாறு அங்கதானா? துபாய்க்குப் போயி யாருப்பா ரிப்பேர் பண்றது? எம்பொண்ணு கல்யாணத்துல மச்சான் இல்லாமயே போயிடுமா?"

லூயிஸ் அவள் பக்கத்தில் குந்தினான். "அழாதக்கா, துபாய்ல எம்பொண்டாட்டி எதுக்குக் கத்திக்கினு கீறா? எந்த ஏஜெண்டு ஏமாத்துனானோ, உம்புள்ள மீஞ்சூர்ல எங்கடையிலதான் குந்திகினு கீறான். ரயிலு கூவுறப்பல்லாம் உனக்குக் கேட்டுடும்னு அவனேதான் கட் பண்றான்!"