சனிக்கிழமைக் கோயில்

ஆடத் தெரியாதவனுக்கு ஒரு விசேஷ வீட்டில் நிற்க இரண்டே இடம்தான் உண்டு. ஒன்று பந்தியில், சாம்பார் வாளியோடு. இன்னொன்று ஸ்பீக்கர் பக்கத்தில். வாளியைத் தூக்கினால் எனக்குக் கை நடுங்கும். அதனால் டிஜே ஆனேன். (இசைப் பித்து, தேடல் என்றெல்லாம் நான் வெளியில் அளந்திருந்தால் நம்ப வேண்டாம்.)

அம்பத்தூரில் ஒரு மாவு மில்லுக்கு மேலே மாடி ஹால். மாதா மாதம் கடைசி சனிக்கிழமை, சாயங்காலம் தொடங்கி விளக்கு வைக்கிற நேரம் வரை, அங்கேதான் எங்கள் பழைய ஹிப்-ஹாப் ஆட்டம். எங்களுக்குப் பல் முளைக்கும் முன்பே அமெரிக்காவில் வந்த ராப் பாட்டுகள், நடுவில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடுகிற துண்டுகள், இவைதான் என் சரக்கு. பக்கத்தில் பாடி பட்டறைகளில் லேத் ஓட்டுகிறவர்கள் வருவார்கள். ஐ.டி.யில் உட்கார்ந்தே இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் வருவார்கள். திருநின்றவூரிலிருந்து ரயிலேறி ஒரு புருஷன் பெண்டாட்டி தவறாமல் வருவார்கள். தலைகீழாகச் சுற்றுகிற ஆட்டம்தான், ஆனால் பாதிப் பேர் முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு சுற்றுவார்கள். கீழே மிளகாய் அரைக்கிற நாளென்றால் பாட்டு நடுவில் எல்லோரும் சேர்ந்து தும்முவோம். தும்மல் தாளத்தில் விழுந்தால் அதற்கும் கைதட்டல் உண்டு.

எதிர் வீட்டில் ஒரு பெரியவர். தொண்ணூறு தாண்டியவர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் தொப்பியும் தொளதொள பேன்ட்டுமாக வருவதைப் பார்த்ததும், "கரண்ட் அடிச்ச பசங்க வந்துட்டானுங்கடோய்" என்று உள்ளே குரல் கொடுப்பார். எங்கள் ஆட்டத்துக்கு இதுவரை வந்த விமர்சனங்களில் அதுதான் சுருக்கமானது, நியாயமானதும்கூட.

அந்த வருஷம் எனக்குப் பெண் பார்த்தார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த மீனா. அவள் அப்பா சண்முகம் திருநெல்வேலிக்காரர், பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில்லறையை எண்ணி வைப்பதுபோல வார்த்தையை எண்ணி வைப்பார்.

"தம்பி லீவு நாள்ல என்ன செய்வாரு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "சனிக்கிழமை சாயங்காலமானா ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போயிடுவான். இடி விழுந்தாலும் அதை மட்டும் விடமாட்டான்."

(இரண்டாவது வாக்கியம் உண்மை.)

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் பக்தியோடு தரையைப் பார்த்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்வார்கள். அம்மா ஒன்றைச் சொல்லிவிட்டு மிச்சத்தை என்னிடம் ஒப்படைத்தாள். மீனா சமையலறைக் கதவருகே நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு போதும், வேறு எந்தப் பெண்ணையும் பார்க்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது. தோன்றாமல் இருந்திருந்தால் பிற்பாடு இவ்வளவு வியர்த்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தட்டு மாற்றுவதாக முடிவானது. அதற்கு முந்தின நாள் மாதத்தின் கடைசி சனிக்கிழமை.

அன்று நான் பெட்டிகளோடு போய் இறங்கியபோது எதிர் வீட்டில் ஷாமியானா போட்டிருந்தது. நாற்காலி இருந்தது, பெரியவர் இல்லை. காலையில் போய்விட்டாராம்.

ஆட்டத்தை ரத்து செய்யலாம் என்றேன். ஆனால் எல்லோரும் வந்தாகிவிட்டது. திருநின்றவூர்த் தம்பதி அடுத்த ரயிலுக்கு நேரமிருக்கிறதே என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். என் நண்பன் ரவிக்கு எப்போதும் ஒரு யோசனை இருக்கும், அது எப்போதும் அவனைக் காப்பாற்றி என்னை மாட்டிவிடும்.

"மச்சான், சாவு வூட்டு எதிர்ல ஸ்பீக்கர் போட்டாத்தான தப்பு? எல்லாரும் போன்ல ஒரே குரூப் கால்ல வரட்டும். நீ அதுல பாட்டு போடு. காதுல மாட்டிகினு ஆடலாம். வெளிய ஒரு சத்தம் போவாது."

மரியாதைக்கு மரியாதை, ஆட்டத்துக்கு ஆட்டம். எனக்கே என் நாகரிகத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஒவ்வொரு போனுக்கும் பாட்டு ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேரும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. ஒருவர் குதித்து முடிக்கும்போது இன்னொருவர் குதிக்க ஆரம்பித்தார். யாரோ மைக்கை அணைக்காமல் தும்ம, எல்லோர் காதிலும் அந்தத் தும்மல் விழுந்து, எல்லோரும் திரும்பி முறைத்தார்கள். நான் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுபோகும் என்பார்கள். நாங்கள் காதை மூடிக்கொண்டோம், ஜன்னல்களை மூட மறந்துவிட்டோம்.

கண்ணைத் திறந்தபோது கீழே துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் டீ கப்போடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பொட்டுச் சத்தமில்லாமல் ஒரு கூட்டம் கைகால் உதறுவது கீழேயிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

படியில் காலடிச் சத்தம். பெரியவரின் மகன் கன்னியப்பன் வந்து நின்றார். நாங்கள் வரிசையாக இயர்போனைப் பிடுங்கினோம்.

"இன்னாபா, மூச்சு காட்டாம ஆடிகினு கீறீங்க?"

"மன்னிச்சுக்கோ அண்ணாத்தே. சாவு வூடாச்சேன்னு ஒரு மரியாதைக்கு..." என்றான் ரவி.

"மரியாதையா? கொள்ளுப்பேரன் பார்த்துட்டுப் போன மனுசன். கல்யாணச் சாவு. ஊமைப் படமாட்டம் அனுப்பறதா? மேளக்காரங்க பூந்தமல்லில வேற சாவுல மாட்டிகினாங்க. தூக்கற நேரமாச்சு." என் பெட்டிகளைக் கைகாட்டினார். "எங்கப்பாருக்கு உங்களப் பார்த்தாத்தான் சிரிப்பே வரும். அதத் தூக்கிகினு கீழ வா நைனா."

ஒரு மனிதன் வாழ்க்கையில் பல மேடைகளைக் கனவு காண்பான். எனக்குக் கிடைத்தது குட்டி யானை என்கிற ஒரு மினி லாரி. ஷாமியானாக்காரர் ஜெனரேட்டரிலிருந்து கரண்ட், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் நான். பின்னால் பூப்பாடை. பாடையில் ஒரு உயிருள்ள கோழியைக் கட்டியிருந்தார்கள். சனிப் பிணம் தனியாகப் போகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. துணைக்கு ஒரு உயிரைத் தேடுமாம், அதனால் கோழியைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

டிரம்ஸ் துண்டு ஒன்றைப் போட்டேன். தெருவே ஆடியது. முட்டி உறைக்காரர்கள் தார் ரோட்டில் சுழன்றார்கள், கன்னியப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார், பெண்கள் அழுதபடியே தாளம் போட்டார்கள். என் வாழ்நாளில் நான் பாட்டுப் போட்டதிலேயே ஆகச் சிறந்த கூட்டம் அதுதான். சரி, கடவுள் நம்மைக் கைவிடவில்லை என்று நினைத்தேன்.

அப்போதுதான் பூக்கடை முனையில் மாலையோடு ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். சண்முகம். கன்னியப்பனும் அவரும் ஒரே தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர்களாம்.

நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் சட்டென்று குனிந்தேன். குனிந்த வேகத்தில் முழங்கை பட்டு வால்யூம் உச்சிக்குப் போனது. வந்த இடிச் சத்தத்தில் பாடையில் இருந்த கோழி கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்தது.

ஊர்வலம் நின்றது. "கோழி போச்சுன்னா வேற உசுரக் கூட்டிகினு பூடும்" என்றாள் ஒரு அம்மாள், நேராக என்னைப் பார்த்து.

கோழி போய் இறங்கியது சண்முகத்தின் காலடியில். அவர் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன்மேல் பாய்ந்தார். தப்பியது. எங்கள் பையன்கள் ஓடிப்போய் வட்டம் கட்டினார்கள். வட்டத்துக்குள் ஒரு கோழி, ஒரு மாமனார்.

பாட்டை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் மூளை ஒன்று சொன்னது: நிறுத்தினால் உன்னைப் பார்ப்பார், ஓடவிட்டால் கோழியைப் பார்ப்பார். ஆகவே அந்த டிரம்ஸ் துண்டு முடியப் போகும் போதெல்லாம் இன்னொரு பிளேயரில் அதையே முதலிலிருந்து பிடித்தேன். மறுபடியும். மறுபடியும். அவர் இடது பக்கம் தாவினார், கோழி வலது பக்கம். அவர் குந்தினார், எழுந்தார், ஒற்றைக் காலில் திரும்பினார். கூட்டம் அதை ஆட்டம் என்றே நினைத்து விசிலடித்தது. தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. (என் தொழில் திறமை முழுவதும் வெளிப்பட்டது அன்றைக்குத்தான்.)

கடைசியில் பிடித்துவிட்டார். கோழியைக் கக்கத்தில் இடுக்கியபடி, யாரும் கேட்காமலே, இன்னும் இரண்டு எட்டு போட்டார். பிறகு நிமிர்ந்து வண்டியைப் பார்த்தார். நான் வணக்கம் சொன்னேன். வேறு என்ன செய்ய? அவர் கோழியைக் கட்டக் கொடுத்துவிட்டு, பாடையில் மாலையை வைத்துக் கும்பிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தொண்டை வரை வந்தது, அவள் கேசரிக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வந்தார்கள். வராமல் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்த்ததால் சட்டைகூட மாற்றவில்லை. சண்முகம் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். மீனா கூரையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து சனிக்கிழமை. தம்பி கோயிலுக்குப் போனாரோ?"

"போகாம இருப்பானா?" என்றாள் அம்மா. "செந்தூரம்கூட கொண்டாந்தானே."

நான் நாற்காலியோடு மண்ணுக்குள் போகத் தயாரானேன்.

அவர் கேசரித் தட்டை நிதானமாகக் கையில் எடுத்தார். "நேத்து நானும் அந்தக் கோயில்லதான் இருந்தேன், சம்மந்தி. நல்ல கூட்டம். பாட்டு ஒண்ணு போட்டாங்க பாருங்க, காலு நிக்கல."

சம்மந்தி என்கிற அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், கரண்டியை எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

இன்றும் மாதக் கடைசிச் சனிக்கிழமையானால் மீனா என் தொப்பியை எடுத்துக் கொடுத்து, "கோயிலுக்கு நேரமாச்சு" என்பாள். மாமனார் ஆவடியிலிருந்து வந்து ஹாலில் ஓரமாக நின்று தும்முவார். அந்த டிரம்ஸ் துண்டு வந்தால் மட்டும் நடுவில் வந்து இரண்டு எட்டு போடுவார். பையன்கள் பழக்கம் மாறாமல் வட்டம் கட்டுவார்கள். திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கி, அம்மாவிடம் மறக்காமல் கேட்பார்:

"செந்தூரம் வேணுமா, சம்மந்தி?"