வெல்லத்துக்கு வந்த அரிப்பு

கூச்சப்படுகிறவனுக்கு நாயைப் போல ஒரு சொந்தம் கிடையாது. அது சம்பளம் விசாரிக்காது, நிமிர்ந்து பேசச் சொல்லாது. ஐந்தாவதோடு படிப்பை விட்ட நான் (படிப்புதான் என்னை விட்டது), நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் வியர்த்துவிடுவேன். அதனால் கும்மிடிப்பூண்டி கம்பெனியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்து, எங்கள் நாயைக் கட்டிப்பிடித்து அன்றைய கதையெல்லாம் அதனிடம் சொல்வேன். அதன் பெயர் வெல்லம். நிறத்தைப் பார்த்து மகள் வைத்தது.

போன வருடம் வெல்லத்துக்கு அரிப்பு வந்தது. வயிற்றில் முடி கொட்டி, தோல் சிவந்து, பொழுதுக்கும் சொறிந்தது. வேப்பிலை அரைத்துப் பூசினோம். உண்ணி தேடினோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது கொஞ்சம் சும்மா கிடப்பதை மனைவி கவனித்தாள். ஞாயிறு எனக்கு லீவு, எங்கள் வீட்டில் கறி. ஆக, எலும்புதான் மருந்து என்று முடிவு கட்டி தினமும் எலும்பு போட்டோம். வெல்லம் எலும்பைக் கடித்துக்கொண்டே சொறிந்தது. பார்க்கப் பொறுக்காமல் முன்னைவிட அதிக நேரம் மடியில் வைத்துக்கொண்டேன். அரிப்பும் முன்னைவிட அதிகமானது.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"இன்னாப்பா, எந்நேரமும் சொறிஞ்சிகினே கீது? எம் பேரப் பசங்களுக்கு ஒட்டிக்கினா? ஞாயித்துக்கெழமைக்குள்ள நாயி போவணும். இல்ல, நீ ஊட்ட காலி பண்ணு."

"சரிங்க" என்றேன். (எனக்குத் தெரிந்த ஒரே பதில்.)

"எல்லாத்துக்கும் சரிங்கவா?" என்றாள் மனைவி. "எங்கண்ணன் வண்டியில பழவேற்காடு பக்கம் இட்டுக்கினு போய் உட்டுரட்டும். வேற இன்னா பண்றது?"

மகள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

கடைசி நம்பிக்கை மாட்டாஸ்பத்திரி. மனைவி நாயோடு அங்கே வந்துவிட, நான் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு நேராகப் போனேன். கூப்பிடும்வரை வெல்லத்தை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். முடியைச் சீப்பால் வாரிப் பார்த்தார். தோலைச் சுரண்டிப் பரிசோதித்தார். "உண்ணி இல்ல, தெள்ளு இல்ல, சொறியும் இல்லையே" என்றபடி தன் முழங்கையைச் சொறிந்தார். நாயைப் பிடித்திருந்த உதவியாளர் கழுத்தைச் சொறிந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொமரேனியன்கார அம்மாவும் சொறிந்துகொண்டிருந்தார்.

டாக்டர் நிமிர்ந்தார். "வீட்ல வேற யாருக்காவது அரிக்குதா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கு அரிக்கும் மேடம். இவுரு துணிய தொவைச்சா கையெல்லாம் நமநமன்னு கீது" என்றாள் மனைவி.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"இப்ப கொஞ்ச மாசமா பஞ்சு சுத்துறேங்க."

"என்ன பஞ்சு?"

"கண்ணாடிப் பஞ்சு. கொதிக்கிற பைப்பு மேல சுத்துறது. சூடு வெளிய போவாது."

"உங்களுக்கு அரிக்காதா?"

"மொதல்ல அரிச்சுது. இப்ப பழகிப்போச்சு மேடம்."

டாக்டர் என் சட்டைக் கையில் டார்ச் அடித்தார். ஜரிகைச் சேலை போல மின்னியது. வெல்லத்தின் வயிற்றில் அடித்தார். அங்கேயும் அதே மினுமினுப்பு.

"மொதல்ல இந்தாள புடிச்சி குளிப்பாட்டுங்கம்மா!" என்றார் பொமரேனியன்கார அம்மா. ஆஸ்பத்திரியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மனம்விட்டுப் பேசிய ஒரே உயிரை, பேசப் பேசக் கண்ணாடித் தூளால் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் வாலை ஆட்டிக்கொண்டே கதை கேட்டிருக்கிறது.

டாக்டர் வெல்லத்துக்குக் களிம்பு கொடுத்தார். எனக்குக் கம்பெனியிலேயே குளித்து, உடுப்பு மாற்றி வரும்படி உத்தரவு. முடி மறுபடி வளர்ந்தது. வீட்டுக்காரரும் இறங்கி வந்து, "நாயி இருக்கட்டும்பா. நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார்.

வெல்லம் தேறிவிட்டது. நான்தான் தேறவில்லை. இன்றைக்கும் வீட்டில் பால் திரிந்தாலும், மிக்சி நின்றாலும், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மகள் முதலில் கேட்பது ஒன்றுதான்:

"அப்பா இத்த கட்டிப் புடிச்சாரா?"