மவுஸுக்குத் துண்டு போர்த்தியவர்

உலகத்தில் இதுவரை பிறந்த தரகர்களில், கம்ப்யூட்டர் மவுஸின் மேல் துண்டைப் போர்த்தி விலை பேசியவர் ஒருவர்தான். அவர் எங்கள் மாவட்டத்துக்காரர். வேறு எவராவது இருந்தால் ஆதாரத்துடன் எழுதலாம், திருத்திக்கொள்கிறேன்.

அவரைத் துண்டு என்றுதான் எல்லோரும் சொல்வோம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நயினார்கோவில் பக்கம் ஒரு கிராமம். வாரச் சந்தைகளில் மாட்டுத் தரகு. வயது முப்பத்தைந்துக்குள்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நான் ஒரு நாளிதழுக்கு இராமநாதபுரத்தில் பகுதிநேர நிருபர். தினமும் மாலை நாலு மணிக்கு அந்தோணியின் பிரவுசிங் சென்டரிலிருந்து செய்தி அனுப்புவேன். ஒரு மாடியறையில் எட்டு கம்ப்யூட்டர், எட்டு பிளைவுட் தடுப்பு, ஒரே மின்விசிறி. அந்தோணி தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. அப்பாவும் அண்ணன்மாரும் கடலில். இவன் மட்டும், படகு கரையை விட்டு நகர்வதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். ஏழெட்டு முறை ஏற்றிப் பார்த்துவிட்டு, படகைக் காப்பாற்றும் பொருட்டு வீட்டார் அவனுக்கு இந்தக் கடையை வைத்துக் கொடுத்தார்கள்.

துண்டு முதலில் வந்தது கீழே இருந்த கடையில் பட்டாவை ஜெராக்ஸ் எடுக்க. அங்கே கூட்டம், அதனால் மாடியேறினார். அந்தோணியின் திரையில் ஒரு கறுப்புக் காளை நின்றுகொண்டிருந்தது.

"ஏலே, இது எத்தனை பல்லு?"

"இது நெச மாடு இல்லண்ணே. கேம்."

"நெசமோ பொய்யோ, விக்கிறானா இல்லையா?"

"விக்கிறான்."

"அப்ப வாயத் தொறக்கச் சொல்லு. பல்லப் பாத்து வயசு தெரியாம என்னத்தப் பேசுறது?"

அந்தோணி விளக்கினான். அந்த விளையாட்டில் காட்டுக்குப் போய் மிருகங்களை அடித்தால் தங்கக் காசு கிடைக்கும். காசைக் கொடுத்து வாள், கேடயம், மாடு, கப்பல் எதுவும் வாங்கலாம். ஆடுகிறவர்கள் தங்களுக்குள் விற்று வாங்க இணையத்தில் தனியாக ஒரு பக்கம் இருந்தது. சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று எங்கெங்கோ இருந்த தமிழ்ப் பிள்ளைகள் அதில் கூடுவார்கள். ஒருவன் தன் பொருளின் படத்தைப் போட்டு, "இது என்ன விலை போகும்?" என்று கேட்பான். மற்றவர்கள் சொல்வார்கள்.

துண்டு ஜெராக்ஸை மறந்துவிட்டு உட்கார்ந்தார். மூன்று வாரம் தினமும் வந்து நரி அடித்துக் காசு சேர்த்து, அந்தக் காளையை வாங்கினார். வாங்குமுன் அதை நாலு பக்கமும் திருப்பிக் கெட்ட சுழி இருக்கிறதா என்று பார்த்தார். படம் வரைந்தவன் சுழியே போடவில்லை. "சுத்தமான மாடு" என்றார்.

அதன்பிறகுதான் அவர் அந்த வியாபாரப் பக்கத்தை முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கீழக்கரைப் பையன் ஒருவன் போட்டிருந்த கேடயத்துக்குக் கீழே, டிராகன் என்று பெயர் வைத்துக்கொண்ட கோயம்புத்தூர்க்காரன் 'குப்பை' என்று எழுதியிருந்தான்.

"இவன் வாங்கப் போறானா?" என்று கேட்டார் துண்டு.

"இல்லண்ணே. சும்மா சொல்றான்."

"சும்மா எதுக்குச் சொல்றான்?"

இணையம் அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் கண்டுபிடிக்கவில்லை.

மாட்டுச் சந்தையின் வழக்கம் வேறு. வாங்குபவர் கையும் தரகர் கையும் துண்டுக்குள் இருக்கும். விரலைப் பிடித்துத்தான் விலை. உரக்கச் சொன்ன விலை சந்தை கலையும்வரை அந்த மாட்டின் கழுத்தில் தொங்கும் என்பது காரணம். துண்டுக்குள் மறுத்தால் யாருக்கும் முகம் சுண்டாது.

மறுநாள் அவர் சொல்லச் சொல்ல அந்தோணி அந்தப் பக்கத்தில் எழுதினான். வாங்கும் எண்ணம் இல்லாதவர் விலை சொல்ல வேண்டாம். பொருளை முழுதாகப் பார்க்காமல் வாய் திறக்க வேண்டாம். குறை தெரிந்தால் உரியவரிடம் மட்டும் சொல்லவும், அதையும் அவர் கேட்டால் சொல்லவும். உறவுக்காரன் பொருளுக்கு விலை சொல்கிறவர் உறவையும் சேர்த்துச் சொல்லவும். விலையைத் தனிச் செய்தியில் அனுப்பவும். பேச்சு நடக்கும்போது வெற்றிலை துப்பக் கூடாது.

"கடைசி ஒண்ணு வேணாம்ணே. அவங்கவங்க வீட்டுல இருக்காங்க."

"வீட்டுல மட்டும் துப்பலாமா?"

டிராகன், 'யார் இந்தப் பெருசு?' என்று கேட்டான். வேறு சிலர் சிரித்தார்கள். ஆனால் கீழக்கரைப் பையனின் கேடயம் தனிச் செய்தியில் நல்ல விலைக்குப் போயிற்று. அதன் பிறகு பாதிப் பேர் துண்டு சொன்னபடி நடந்தார்கள். மீதிப் பேர் டிராகனோடு சேர்ந்து, வாங்காத பொருட்களுக்கெல்லாம் விலை குறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் இப்போது தொலைக்காட்சி விவாதங்களில் இருக்கக் கூடும்.

துண்டு விலை பேசும் முறை இது. தனிச் செய்தி வந்ததும் தோளிலிருந்து துண்டை எடுத்து மவுஸையும் வலது கையையும் சேர்த்து மூடுவார். உள்ளே விரல்கள் அசையும். அப்புறம் இடது கையின் ஒரு விரலால் அதை எழுத்தாக்குவார். ஒருநாள் மலேசியாக்காரன் ஒருவனோடு பேச்சின் நடுவே கரண்ட் போயிற்று. முக்கால் மணி நேரம் இருட்டுத் திரை முன்னால், துண்டுக்குள் கையோடு அசையாமல் இருந்தார். "கைய எடுத்தா பேச்சு முறிஞ்சதா அர்த்தம்" என்றார். மலேசியாக்காரனுக்கு அங்கே கரண்ட் இருந்தது. அவன் தூங்கப் போயிருந்தான்.

இப்படி இருக்கையில் ஒரு கப்பல் விலைக்கு வந்தது. விற்றவர் பினாங்கில் இருந்தார். பன்னிரண்டாயிரம் தங்கக் காசு, ஞாயிற்றுக்கிழமைவரை பொறுப்பேன், பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அந்தோணிக்கு அந்தக் கப்பல் வேண்டும். அவனிடம் இரண்டு வருடம் ஆடிச் சம்பாதித்த வாள் ஒன்று இருந்தது. அதை விற்றால் சரியாகக் கப்பலுக்கு வரும்.

"இந்தக் கப்பல வச்சு என்ன செய்யப் போற?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை எங்க அப்பா வாராரு சார். வீட்டுல இன்னும் என்னைய வாந்தின்னுதான் கூப்பிடுறாங்க. நானும் ஒண்ணு ஓட்டுறேன்னு காட்டணும்."

வாளை எல்லோரும் பார்க்கப் பக்கத்தில் போடப் போனவனைத் துண்டு தடுத்தார். "அங்கன போட்டா டிராகன் வந்து வாயத் தொறப்பான். நான் முடிச்சுத் தாரேன்."

கோலாலம்பூரில் ஒருவரைப் பிடித்தார். துண்டு விரிந்தது. அரை மணி நேரப் பேச்சு. 'பன்னிரண்டு' என்று முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை அந்தோணி வாளைக் கொடுத்தான். அந்தப் பக்கமிருந்து ஆயிரத்து இருநூறு காசு வந்தது.

"அண்ணே, பன்னெண்டாயிரம் பேசலையா?"

"பன்னெண்டு பேசுனேன்."

"பன்னெண்டு என்ன?"

துண்டுக்குள் எவரும் நூறா ஆயிரமா என்று சொல்வதில்லை. மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். கோலாலம்பூர்க்காரர் வாளைப் பார்த்தார். அவருக்கு நூறுதான் தெரிந்திருக்கிறது.

"திருப்பிக் கேளுங்க. தரலைன்னா பேரப் போட்டு எல்லாருக்கும் எழுதுவோம்."

"அவர் மேல தப்பு இல்லப்பா. ஒத்துக்கிட்டதக் குடுத்துட்டாரு. துண்டுக்குள்ள பேசுனத வெளிய இழுத்தா நாளைக்கு எவன் கை நீட்டுவான்?"

"உங்க மரியாதைக்கு என் கப்பலா?"

துண்டு துண்டை உதறித் தோளில் போட்டார். "ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"இனிமே அந்த ஆள இங்கன ஏத்த மாட்டேன் சார்" என்றான் அந்தோணி. தனிச் செய்தியில் அல்ல. படியில் இறங்குகிறவருக்குக் கேட்கும்படி.

சனிக்கிழமை அவர் வரவில்லை. ஞாயிறு காலை பினாங்கிலிருந்து செய்தி வந்தது: துறைமுகத்துக்கு வந்து கப்பலை எடுத்துக்கொள்ளவும்.

'நான் இன்னும் காசு கொடுக்கவில்லையே' என்று அந்தோணி எழுதினான்.

'உங்கள் ஆள் கொடுத்துவிட்டார். என்ன கொடுத்தார் என்று கேட்டால் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறார்.'

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. விளையாட்டில் பினாங்குக்காரரின் வாசலில் ஒரு கறுப்புக் காளை கட்டியிருந்தது. அந்தோணி தன் கடையில் ஏற்ற மாட்டான் என்பதால் துண்டு பஸ் ஏறிக் கீழக்கரைக்குப் போய், அங்கே ஒரு சென்டரில் உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறார்.

மத்தியானம் அந்தோணியின் அப்பா வந்தார். மகன் கப்பலைத் திருப்புவதையும் நிறுத்துவதையும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "காத்து எங்கிட்டிருந்து வருதுன்னு பாக்காமத் திருப்புறியேப்பா" என்றார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மகனுக்குக் காற்றைச் சொல்லிக்கொண்டே சாயங்காலம்வரை இருந்தார். வாந்தி என்று ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை துண்டு கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்தோணி இறங்கிப் போய்க் கூட்டி வந்தான்.

"மாட்ட என்ன வெலைக்குண்ணே பேசுனீங்க?"

"ஏலே, அடுத்தவன் வியாபாரத்துல வெல கேக்குறது மரியாதையா?"

அதற்கப்புறமும் அவர் தினம் வந்தார். காளை போனபின் விளையாட்டில் அவருடைய ஆள் நடந்தே திரிந்தான். அவன் பையில் நாலு கட்டு வைக்கோல் இருந்தது. காளைக்கு வாங்கியது. அந்த விளையாட்டில் வைக்கோலை மாட்டுக்குப் போடுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

புதிதாகச் சேர்ந்த ஒருவன் எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் அதைப் பற்றிக் கேட்டான்: 'அண்ணா, மாடு இல்லாம வைக்கோல் எதுக்கு? என்ன விலை?'

துண்டு வாழ்க்கையில் முதன்முறையாக விலை கேட்டவனுக்கு வெளிப்படையாகப் பதில் சொன்னார். 'விக்கிறதுக்கு இல்ல.' ஒரு விரலால் அதை அடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பக்கத்துத் தடுப்பில் இருந்த நான், அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க, முடிந்துபோன என் செய்தியை அதுவரை திருத்திக்கொண்டே இருந்தேன்.