ஆறடி அங்கிளின் கருவாட்டு டின்

இந்தத் தீவில் கொரோனா யாருக்காவது பயந்திருந்தால், அது ஆறடி அங்கிளுக்குத்தான். மற்ற எல்லாரும் கொரோனாவுக்குப் பயந்தோம். அவரைக் கண்டால் கிருமியே வீதியைக் கடந்து மறுபக்கத்தால் போகும் என்பது வெள்ளவத்தை நீச்சல் வகுப்புத் தாய்மாரின் ஏகமனதான முடிவு.

ஆளின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம். ‘ஆறடி’ என்ற பெயர் வந்தது அவருடைய நீல நைலோன் கயிற்றால். அளந்து வெட்டிய ஆறடி, இரண்டு நுனியிலும் முடிச்சு. இரண்டு பேர் நெருங்கி நின்று கதைத்தால் அவர் ஏசமாட்டார். ஒரு நுனியை ஒருவர் கையிலும் மறுநுனியை மற்றவர் கையிலும் கொடுத்துவிட்டு, கயிறு இறுகும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். இறுகியதும், “இப்ப கதையுங்கோ” என்பார். நானும் நிரோஷாவின் அம்மாவும் ஒருநாள் அரை மணித்தியாலம் கயிறிழுக்கிற ஆட்கள் மாதிரி நின்று அவளுடைய மாமியாரைப் பற்றிக் கதைத்தோம். அவ்வளவு தூரத்துக்குக் கேட்கவேண்டும் என்று சத்தமாகக் கதைத்ததில், விஷயம் காலி வீதி முழுக்கப் பரவி மாமியாரிடமே போய்ச் சேர்ந்துவிட்டது.

முகத்துக்குப் பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை வளைத்துக் கட்டியிருப்பார். அதிலிருந்த படத்தைக் கழுவி அழிக்கவும் இல்லை. அவரோடு கதைக்கும்போது அவருடைய மூக்குக்கு முன்னால் யாரோ ஒருவருடைய விலா எலும்புகள் தெரியும். நான் ஒருநாள் வாயை அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

“அண்ணா, இது ஆற்ற நெஞ்சு?”

“என்ர மாமியின்ர. நல்ல நெஞ்சு தங்கச்சி, ஒரு பழுதும் இல்லை.”

மகள் தாரணிக்குப் பதினொரு வயது. மல்லாந்து நீந்துவதில் கெட்டிக்காரி. கொட்டாஞ்சேனையிலிருந்து அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, மழை இல்லாத நாளிலும் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு கொழும்பையே கடந்து வருவார். அந்தப் பிள்ளை தகப்பனோடு வந்து இறங்குகிற அந்த ஒரு நிமிடம் மட்டும் தரையைப் பார்த்தபடி நடக்கும். பிறகு தண்ணீருக்குள் குதித்து, போதியளவு தூரம் போய்விடும்.

அந்த வருடம் புத்தாண்டு விடுமுறையில் வகுப்புக்குள் ஒரு நீச்சல் போட்டி வைக்கலாமா என்று கோச் நவ்ஷாட் பெற்றோரைக் கேட்டார். முதல் இரண்டு அலைகளும் ஓய்ந்து, கடைகள் திறந்து, ஆட்கள் மூச்சுவிடத் தொடங்கியிருந்த நேரம். ஒரு வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகள் வீட்டுக்குள் கிடந்தார்கள். என் மகன் கவின் பத்து வயதில் மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்கியிருந்தான். பகலில் டெப்லட்டுக்கு முன்னால் வகுப்பு, மற்ற நேரம் சுவரைப் பார்த்தபடி இருப்பான். நீச்சல் திரும்பத் தொடங்கிய பிறகுதான் பிள்ளை ஒரு முழு வசனம் பேசினான். ஆகவே, போட்டி வேண்டும் என்ற கட்சியில் நான் இருந்தேன். எங்கள் கட்சிக்குத் தைரியமான நியாயங்கள் இருந்தன.

“திறந்த வெளி. கடல் காத்து. மேல வெயில் கொளுத்துது. தண்ணிக்குள்ள குளோரின். கிருமி எங்க இருந்து உயிரோட வாறது?” என்றாள் நிரோஷாவின் அம்மா.

மற்றக் கட்சியிலும் நியாயம் இருந்தது. ஒருவர் வீட்டில் இருதய நோயாளி. இன்னொருவர் நிறைமாதம். எங்கள் வீட்டிலும் எழுபத்து நான்கு வயதில் அப்பா இருந்தார். பலருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அன்று நான் அதைச் சொல்லவில்லை.

ஆறடி அங்கிள் கடைசியாகத் தொண்டையைச் செருமினார். செருமிய உடனேயே, “இது இருமல் இல்லை, செருமல்” என்று கூட்டத்துக்கு விளக்கம் கொடுத்தார்.

“தண்ணியால பயமில்லை. பிள்ளையளாலயும் பெரிய பயமில்லை, அதுகள் நீந்தேக்க வாயை மூடிக்கொண்டுதான் இருக்குதுகள். கரையில நிக்கிற நாங்கள்தான் பயம். கட்டிப்பிடிப்பம், கத்துவம், ஒரே போத்தல்ல தண்ணி குடிப்பம். போட்டி வைப்பம். ஆனா எங்களைக் கட்டி வைக்கவேணும்.”

சிரித்தோம். ஆனால் அன்று யோசித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். மூன்று பிரிவாக வந்து, நீந்திவிட்டு, ஈரத்தோடு வீட்டுக்குப் போகவேண்டும். உடை மாற்றும் அறை பூட்டு. கத்தக்கூடாது, துவாயைச் சுழற்றலாம். எல்லாவற்றையும் கை உயர்த்தி நிறைவேற்றினோம்.

முதல் நாளே வந்து குளத்தைச் சுற்றி வெள்ளைப் பெயின்றால் வட்டம் வட்டமாகக் கீறியிருந்தார். குளத்தின் மனேஜர் அதைக் கண்டுவிட்டு, “மே மொகத மாத்தயா, மே மொகத?” என்று தலையில் கை வைத்தார். இது என்ன ஐயா என்று சிங்களத்தில் கேட்ட மனிதரை ஆறடி அங்கிள் மெதுவாகத் தோளுக்கு அப்பால் கை காட்டி ஒரு வட்டத்துக்குள் போய் நிற்கச் சொன்னார். அவரும் என்ன நினைத்தாரோ, போய் நின்றுகொண்டுதான் மிச்சத்தைத் திட்டினார்.

போட்டிக்கு முதல் நாள் எனக்கு இலேசான தடிமன், இரண்டு மூன்று தும்மல். பின்னேரம் அப்பா குசினிக்குள் வந்து, “பிள்ளை, பருப்பு அடிப்பிடிச்சு மணக்குது, தெரியேல்லையோ?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் காலையில் குளிக்கும்போது சவர்க்காரமும் மணக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த வருடத்தில் அது தெரியாத ஆள் யார்? மூக்கடைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவின் நீச்சல் தொப்பியைப் போட்டுக்கொண்டே படுத்து எழும்பியிருந்தான். வா, போவோம் என்று வெளிக்கிட்டேன்.

வாசலில் ஆறடி அங்கிள் ஒரு சிறிய மேசை போட்டு இருந்தார். காய்ச்சல் பார்க்கும் கருவியை அவர் நம்புவதில்லை. பனடோல் போட்டால் அதை ஏமாற்றலாம் என்பது அவருடைய கட்சி. மேசையில் மூன்று டின்கள். ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் கோப்பித்தூள், ஒன்றில் கருவாடு. கண்ணை மூடி மணந்து, என்னவென்று சொன்னால்தான் உள்ளே போகலாம். வரிசையே சிரித்துக்கொண்டு நின்றது. கோச் நவ்ஷாட் கருவாட்டை மணந்துவிட்டு, “கீரிமீன். போதாது அங்கிள், சோறும் தாங்க” என்றார்.

கவின் கோப்பி என்று சரியாகச் சொன்னான். என் முறை வந்தது. கண்ணை மூடினேன். ஒன்றும் இல்லை. வெறும் காற்று. எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

“ஏலக்காய்” என்றேன்.

கண்ணைத் திறந்தேன். அவருடைய மாமியின் விலா எலும்புகளுக்குப் பின்னாலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மூக்குக்குக் கீழே இருந்தது கருவாடு.

அவர் டின்னை மெல்ல மூடினார். பிறகு வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: “தங்கச்சி, பிள்ளை நீச்சல் தொப்பியை வீட்ட விட்டிட்டு வந்திட்டார். போய் எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“அங்கிள், தொப்பி என்ர தலையில இருக்கு” என்றான் கவின்.

“அது போன வருசத் தொப்பி. செல்லாது.”

“இந்த வருசம் வாங்கினது அங்கிள்!”

“செல்லாது எண்டால் செல்லாது ராசா.” குரலைத் தாழ்த்தி என்னிடம், “த்ரீவீல் பிடிக்காதேங்கோ. கரையால நடந்து போங்கோ. அப்பாவை மற்ற அறையில விடுங்கோ, இப்பவே” என்றார்.

கடற்கரை வீதியால் நடந்தோம். கவின் அழுதுகொண்டு வந்தான். எனக்கு அவமானத்தில் ஆத்திரம் வந்தது. கோமாளி, பைத்தியக்காரன் என்று வழி முழுக்க ஆறடி அங்கிளைத் திட்டினேன். திட்டுவதற்கு வேறு ஆள் இருந்தது எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் பரிசோதனையில் எங்கள் மூன்று பேருக்கும் தொற்று. வீட்டு வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள். எங்களைத் திருப்பி அனுப்பிய அன்றைக்குப் போட்டி நடந்தது. வந்த எண்பது பேரில் ஒருவர் வீட்டுக்கும் அங்கிருந்து நோய் போனதாக நான் கேள்விப்படவில்லை.

ஐந்தாம் நாள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. அம்புலன்ஸ் வந்தது. சாரத்தை மாற்றி வேட்டி கட்டவேண்டும் என்று அடம்பிடித்தார். கட்டிவிட்டேன். படியில் இறங்கும்போது, “பருப்பை அடுப்பில வச்சால் பக்கத்திலேயே நில்” என்றார். அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது அதுதான். ஒன்பதாம் நாள் விடிய ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

யாராவது ஒருவர் வந்து உடலை அடையாளம் காட்டிக் கையெழுத்து வைக்கவேண்டும், தொற்றுள்ள வீட்டிலிருந்து வரக்கூடாது என்றார்கள். கணவர் தோஹாவில். அண்ணா கனடாவில். சொந்தக்காரருக்கு அழைப்பு எடுத்தேன். ஒருவருக்கு சுகர். ஒருவருக்கு வெளியே போகப் பாஸ் இல்லை. “மாமா எனக்குத் தகப்பன் மாதிரி, ஆனா வீட்டில சின்னப் பிள்ளையள்” என்றான் ஒருவன். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கவின் டெப்லட்டில் தாரணிக்கு ஏதோ எழுதியிருக்கிறான். பத்து நிமிடத்தில் ஆறடி அங்கிளின் குரல் தொலைபேசியில்.

“தங்கச்சி, அப்பான்ர அடையாள அட்டையையும் முகம் தெளிவாத் தெரியிற படம் ஒண்டையும் அனுப்புங்கோ. நான் போறன்.”

“அண்ணா, நீங்களோ?”

“நான் ஒருகொடவத்தையில கொள்கலன் யார்டில வேலை செய்யிறன். பேரும் இலக்கமும் சரியோ எண்டு பாத்துத்தான் வெளியில விடுறது. ஆள் மாறிப் போகக்கூடாது தங்கச்சி.”

ஒன்றரை வருடம் பழகி, அவர் என்ன வேலை செய்கிறார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

உடலைச் சுற்றிக் கட்டிய உறையைத் திறக்க ஆஸ்பத்திரியில் சம்மதிக்கவில்லையாம். “பலன்னே நெத்துவ அத்சன் கரன்னே நே” என்று ஆறடி அங்கிள் ஒரே பிடியில் நின்றிருக்கிறார். பார்க்காமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று. இரண்டு மணித்தியாலம். கடைசியில் திறந்தார்கள். குனிந்து, கையில் இருந்த படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, சரி என்று சொல்லிக் கையெழுத்து வைத்திருக்கிறார். சாமான் வாங்கிய மீதிக் காசை இரண்டு நாள் வெயிலில் காயவைக்கிற மனிதர்.

மின்தகன மயானத்துக்கு வெளியே நின்று எங்களுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். வீட்டில் நானும் கவினும் விளக்குக் கொளுத்தி, தொலைபேசியை அப்பாவின் கதிரையில் சாத்தி வைத்திருந்தோம். படம் ஆடியபடி இருந்தது. ஒரு சுவர், கொஞ்ச வானம், புகைபோக்கி. கவின் தேவாரம் பாடினான். நடுவில் வரி மறந்து நின்றான். அந்தப் பக்கத்திலிருந்து ஆறடி அங்கிள் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார்.

முடிந்த பிறகு கேட்டேன்: “அண்ணா, அப்பா எப்பிடி இருந்தவர்?”

“வடிவாப் படுத்திருந்தார் தங்கச்சி. ஷேவ் எடுத்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி. நித்திரை கொள்ளுற மாதிரி.”

அந்த வார்டில் யார் ஷேவ் எடுத்துவிட்டிருப்பார்கள்? யார் திருநீறு பூசியிருப்பார்கள்? கயிற்றில் அரை அங்குலம் கூட விட்டுக்கொடுக்காத மனிதர் அந்தப் பொய்யை எனக்காகச் சொன்னார். நான் நம்பினேன். இன்றைக்கும் அப்பாவை அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அதன்பிறகு பதினான்கு நாள் அவர் தன் வீட்டு மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கிடந்தாராம். சாப்பாடு வாளியில் மேலே போகும். வாளி கீழே வந்தால் தாரணியின் அம்மா அதைக் கொதிதண்ணீரில் அவிப்பாள். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் வாளி உருகி, வெண்டிக்காயாய்ச் சுருங்கிவிட்டது.

மாதங்கள் கழித்து நீச்சல் மறுபடி தொடங்கியபோது குளத்தடியில் அவரைக் கண்டேன். அத்தனை நாளும் தொண்டையில் கிடந்ததைக் கேட்டேன்.

“அண்ணா, நான்தானே அப்பாவுக்குக் குடுத்தனான்?”

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

“தெரியாது தங்கச்சி. அதைக் கண்டுபிடிக்கிற டின் என்னட்ட இல்லை.” பிறகு, “அண்டைக்குக் கையெழுத்து வச்சிட்டு வெளியில வந்து மதிலோட இருந்து, திண்டதெல்லாம் வெளியில வரச் சத்தி எடுத்தனான். அவ்வளவு பயம். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ” என்றார்.

இவ்வளவு காலமும் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன், அவர் பத்திரிகை வாசிக்கிற ஆள் இல்லை.

அப்பாவின் திதிக்கு வருடா வருடம் படைக்கிறேன். சொந்தக்காரர் எல்லாரும் வருவார்கள், சாப்பிடுவார்கள். அதற்கு முதல், படைத்த இலையிலிருந்து எடுத்து ஒரு பார்சல் கட்டிக்கொண்டு நானே கொட்டாஞ்சேனைக்குப் போய்விடுவேன். அவர் வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் வாங்குவார். திரும்பி வந்துதான் நான் மற்றவர்களுக்கு இலை போடுவேன்.