நானும் அவளும் ரெண்டு

“முப்பத்துமூணு,” என்றார் கண்டக்டர்.

பஸ்ஸின் முன்படியிலிருந்து கடைசி சீட் வரை இன்னொரு முறை நடந்தார். இரண்டு பக்கமும் தலைகளைக் கண்ணாலேயே தொட்டுத் தொட்டு எண்ணினார். மறுபடியும் முப்பத்துமூன்றுதான் வந்தது. கைடு பெண்ணின் தாளில் மொத்தம் முப்பத்துநான்கு பேர் என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

“யாரோ ஒருத்தர் இன்னும் கோபுரத்துலயே இருக்காங்க. வண்டியை எடுக்கக் கூடாது,” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார்.

அவர் இந்த பஸ்ஸுக்குக் கண்டக்டர் இல்லை. வேறு ஊரில், வேறு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். மனைவியோடு ஒன்பது நாள், ஐந்து ஊர், இரண்டு கடற்கரை என்று உல்லாசப் பயணம் வந்திருந்தார். வந்த இடத்தில் கைடு பெண் பேனாவை ஆட்டிக்கொண்டே ஏனோதானோ என்று ஆள் எண்ணுவதைப் பார்த்தார். பொறுக்குமா மனசு? “நீ தள்ளும்மா, நான் பார்த்துக்கறேன்,” என்று எழுந்துவிட்டார்.

இப்போது ஒரு ஆளைக் காணோம். பல் டாக்டர் ஒருவர் கோபுரத்தின் நாற்பதாவது மாடிக்கு மறுபடி அனுப்பப்பட்டார். புதிதாகக் கல்யாணமான ஜோடி கடைகடையாய்த் தேடிவிட்டு வந்தது. கைடு பெண் கண் கலங்கி ஆபீசுக்குப் போன் போட்டாள். முப்பத்தைந்து நிமிஷம் போனது. தேடப் போனவர்கள் எல்லாரும் வியர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தபோது, ஏழாவது வரிசை ஜன்னலோரத்திலிருந்து அவர் மனைவி மெல்லக் கேட்டாள்.

“ஏங்க, உங்களை எண்ணினீங்களா?”

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

எண்ணவில்லைதான். முப்பத்தோரு வருஷத்தில் அவர் தன்னை ஒரு நாள்கூடத் தலைக்கணக்கில் சேர்த்ததில்லை. கண்டக்டர் என்ன பயணியா?

“போதும், வந்து உக்காருங்க. அந்தப் பொண்ணே பார்த்துக்கும்,” என்று மனைவி பக்கத்து சீட்டைத் தட்டினாள்.

இந்தப் பயணத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான். கல்யாணமான புதிதில் இருவரும் கடல் பார்க்கக் கிளம்புவதாக இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் லீவு ரத்தாகிவிட்டது. அதற்கப்புறம் ஊரார் லீவில் ஊர் சுற்றும்போதெல்லாம் இவருக்கு டியூட்டி. ஒரே ஒரு தடவை அவள் அவருடைய பஸ்ஸில் ஏறினாள். புதுப்புடவை, தலை நிறையப் பூ. அவர் மற்றவர்களுக்குக் கிழித்தது போலவே ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, “உள்ள போம்மா, உள்ள போ,” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். கடமை தவறாத ஆள் என்று அன்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டதும் உண்டு. இந்தத் தடவை கிளம்பும்போது அவள் சொன்னாள்: “எனக்கு ஊர் பார்க்கறதுகூடப் பெரிசில்ல. பஸ்ஸுல என் பக்கத்துல உக்காந்து வந்தாப் போதும்.” அவரும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்.

“வரேன், வரேன்,” என்றார் இப்போதும். “நாலு பேர் சிரிச்சுட்டாங்க. இதைச் சரி பண்ணாம எப்படி உக்கார்றது?”

அன்று ஹோட்டலில் பல் தேய்க்கும்போது அவருக்கு வழி பிறந்தது. தன்னை எண்ண மறப்பதுதானே கோளாறு? முதலிலேயே எண்ணிவிட்டால் போச்சு. ‘நானும் அவளும் ரெண்டு’ என்று ஆரம்பித்து, மற்றவர்களை மூன்றிலிருந்து எண்ண வேண்டும். அவள் எங்கே போகப் போகிறாள்? இதை மனைவியிடம் சொல்லவும் செய்தார்.

“என்னைப் பார்க்காமலே எண்ணிடுவீங்களா?”

“உன்னை எதுக்குத் தனியாப் பார்க்கணும்?”

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்தாள். அவர் அதை மெச்சுதல் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது ஊருக்குப் போகும் வழியில் ஒரு பெரிய சந்தையைச் சுற்றிப் பார்த்தார்கள். திரும்பி வந்ததும், “நானும் அவளும் ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு...” முப்பத்துநாலு கச்சிதமாக வந்து நின்றது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “ரைட், போலாம்,” என்றார். கைடு பெண் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக் கையிலிருந்த கொடியையும் அவரிடமே கொடுத்துவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா?

முன்படியில் நின்றுகொண்டார். “படியில நிக்காதீங்க,” என்று பல் டாக்டரை அதட்டினார். தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எழுப்பி, இறங்கும் இடம் இன்னும் வரவில்லை என்று தெரிவித்தார். புதுமணப்பெண் ஒரு வரிசையிலும் மாப்பிள்ளை மறு வரிசையிலும் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவருக்குத் தாங்கவில்லை.

“ஜோடியா வந்தவங்க ஜோடியா உக்காரணும். டாக்டர் சார், நீங்க பின்னாடி போங்க.”

அப்படி எல்லா ஜோடிகளையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். ஏழாவது வரிசைப் பக்கம் மட்டும் அவர் பார்வை போகவில்லை.

ஹோட்டலில் எல்லாருக்கும் அறைச் சாவி வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்து, ஒரு தூக்கமும் போட்டார். அப்புறம்தான் மனைவி உள்ளே வந்தாள். தலைமுடி காற்றில் கலைந்து கிடந்தது.

“கூட்டத்தோட சேர்ந்து வரணும்மா. ஆளாளுக்குத் தனித்தனியா நடந்தா எப்படி?”

“வழியில கொஞ்சம் வேடிக்கை பார்த்தேன்,” என்றாள் அவள்.

மூன்றாவது ஊரில் மீன் காட்சிசாலை. அங்கேயும் கணக்குச் சரியாக வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிய இடத்தில் பந்தி விசாரிப்பது போல மேஜை மேஜையாகப் போய், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு ஓடிக்கொண்டிருந்தார். எல்லாரும் கை கழுவும் நேரத்தில் மனைவி உள்ளே வந்து கடைசி மேஜையில் உட்கார்ந்தாள்.

“இவ்வளவு நேரம் என்ன பண்ணின? உன்னால எல்லாரும் காத்திருக்கணும்,” என்று கடிந்துகொண்டார்.

அவள் அவரை ஒரு நொடி ஏற இறங்கப் பார்த்தாள். “யாரும் காத்திருக்கலியே,” என்றாள்.

நான்காவது ஊரில் மலைத் தோட்டம். அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது, “ஆத்துக்கு மேல அந்த மரப்பாலம், ரொம்ப அழகு இல்ல?” என்று கேட்டாள்.

எந்தப் பாலம் என்று அவருக்கு நினைவில்லை. வழி நெடுக அவர் பார்த்தது பயணிகளைத்தான். “ஆமா, ஆமா. உறுதியான பாலம்,” என்றார்.

எட்டாம் நாள் காலையில் அவள் நீலப் புடவை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

“இன்னைக்கு ரெண்டு மணி நேரம் கடலோரமாவே ரோடாம். இதுதான் கடைசி. இன்னைக்காவது உக்காருவீங்களா?”

அவருக்குச் சுரீர் என்றது. எட்டு நாளில் அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. “கண்டிப்பா. இன்னைக்கு என்ன வந்தாலும் உன் பக்கத்துல,” என்றார். மனசார‌த்தான் சொன்னார்.

கடலோர ரோட்டுக்கு முன்னால் கடற்கரையில் ஒரு மணி நேரம் விட்டார்கள். அவள் அலையில் கால் நனைக்கக் கூப்பிட்டாள். “நீ முன்னாடி போ, அஞ்சு நிமிஷத்துல வரேன்,” என்று அனுப்பிவிட்டு, கடலில் இறங்கிய பல் டாக்டர் ஆழத்துக்குப் போகிறாரா என்று காவல் காத்தார். நேரமானது. எல்லாரும் திசைக்கொருவராகச் சிதறிக் கிடந்தார்கள். கூப்பிட்டால் அலைச் சத்தத்தில் காதில் விழாது. சீக்கிரம் எல்லாரையும் ஏற்றிவிட்டு உட்கார வேண்டும் என்ற அவசரத்தில் சட்டைப் பையில் கை விட்டார். பழக்க தோஷத்தில் கொண்டு வந்திருந்த விசில் அகப்பட்டது. முழு மூச்சையும் கூட்டி ஊதினார்.

கடலில் குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அலறியடித்துக் கரைக்கு ஓடி வந்தார்கள். அங்கே விசில் ஊதினால் கடலில் ஏதோ ஆபத்து என்று அர்த்தம். குழந்தைகளை அள்ளிக்கொண்டு ஓடினவர்கள், செருப்பை விட்டுவிட்டு ஓடினவர்கள், எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடினவர்கள். உயரமான நாற்காலியிலிருந்து கடற்கரைக் காவலர் இறங்கி வந்தார்.

“யாருய்யா ஊதினது?”

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே ஒன்றுமில்லை என்று சொல்லப் போய், இன்னொரு முறை ஊதிவிட்டார். மிச்சமிருந்தவர்களும் ஓடினார்கள்.

விசில் பறிமுதலானது. ஊரே திரும்பிப் பார்க்க, சுற்றுலாக் கூட்டம் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தது. “சீக்கிரம் எண்ணுங்க சார், மானம் போகுது,” என்றாள் கைடு பெண். அவர் காது சிவக்க எண்ணினார். “நானும் அவளும் ரெண்டு, மூணு, நாலு...” முப்பத்துநாலு. “ரைட்.”

வெட்கத்தில் முன்னாலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தார். ஜன்னல் வழியே கடல் வந்தது. வாக்குக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. கொடியைக் கைடு பெண்ணிடம் கொடுத்தார்.

“இனிமே நீயே பார்த்துக்கம்மா. நான் போய் உக்கார்றேன்.”

ஏழாவது வரிசைக்கு வந்தார். ஜன்னலோரத்தில் மனைவியின் சால்வை இருந்தது. அதன் அடியில் அவளுடைய கைபேசி இருந்தது. அவள் இல்லை.

“ஹோல்டான்!” என்று அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் நடுரோட்டில் பிரேக் அடித்தார்.

பஸ் திரும்ப முடியாது, தீவுக்குப் படகு பிடிக்க வேண்டும் என்றாள் கைடு பெண். “சார், பதறாதீங்க, பெட்டி எல்லாம் ஏத்திட்டுப் பின்னாடி வேன் வருதுல்ல, அந்த டிரைவருக்குப் போன் போட்டுப் பார்க்கறேன்...” அவள் பேசி முடிப்பதற்குள் அவர் இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டார்.

எதிர்த் திசையில் ஒரு பஸ் வந்தது. இரண்டு கையையும் நீட்டினார். நிற்கவில்லை. படியில் நின்ற கண்டக்டர், பின்னால் இன்னொரு வண்டி வருகிறது என்று கையால் காட்டிவிட்டுப் போனார். அந்தச் சைகையை இவர் எத்தனை ஆயிரம் பேருக்குக் காட்டியிருப்பார். அவர்கள் எல்லாம் எப்படி நின்றிருப்பார்கள் என்று இன்றுதான் தெரிந்தது. அடுத்த வண்டியில் தொற்றிக்கொண்டார். “படியில நிக்காதீங்க பெரியவரே,” என்று அந்தக் கண்டக்டர் அதட்டினார். இவர் மறு பேச்சுப் பேசாமல் உள்ளே நகர்ந்தார்.

கடற்கரை ஓரத்தில் மரநிழலில் பெட்டி வேன் நின்றிருந்தது. டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி சற்றுத் தள்ளி, புடவையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அலையில் தனியாக நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது.

“நீங்களா?” என்றாள்.

அவர் இரண்டு கையையும் கூப்பினார். “முப்பத்தோரு வருஷத்துல ஒரு ஆளைக்கூட நான் வழியில விட்டதில்ல. முதல் முதலா விட்டது உன்னை. என்னை மன்னிச்சுடும்மா.”

“கணக்குச் சரியா வந்துச்சா?”

“வந்துச்சு. முப்பத்துநாலு.”

“அப்புறம் என்ன,” என்று அவள் புடவையின் ஈரத்தைப் பிழிந்தாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் இறங்கி அவள் பக்கத்தில் நின்றார். தண்ணீர் சில்லென்று இருந்தது. இத்தனை வருஷம் இதை விட்டுவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. இனிமேல் எதையும் எண்ணுவதில்லை என்று சத்தியம் பண்ணினார். அவள் சிரித்தாள். போனதெல்லாம் போகட்டும், ஒரே ஒரு தடவை நடந்த தப்புதானே, அதையும் ஓடி வந்து சரி பண்ணியாயிற்று என்று அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

வேனில் முன்சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். அவருக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டு அவள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். முதல் முதலாக அவள் தோள் அவர் தோளில் பட, கடல் கூடவே வந்தது.

டிரைவர் கியரை மாற்றிவிட்டு, அவர் பக்கம் திரும்பி மலர்ந்த முகத்தோடு சொன்னார்.

“நல்லவேளை, இன்னைக்காவது வந்தீங்க சார். முந்தின மூணு ஊர்லயும், ‘அவர் தேடிட்டு வருவார், கொஞ்சம் இருப்பா’ன்னு அம்மா சொல்லி, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் காத்திருந்துட்டுத்தான் வண்டியை எடுத்தோம்.”