இதே நாளில் கோபால்சாமி

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே தேதியைப் பார்க்கும் இனம். நீங்களும்தான் தேதி பார்க்கிறீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பார்ப்பது கேஸ் சிலிண்டர் எப்போது வரும், ரேஷன் கடை எப்போது திறக்கும் என்று தெரிந்துகொள்ள. அவர்கள் பார்ப்பது, இன்றைக்கு உலகத்தில் யார் பிறந்தார், யார் செத்தார், எந்தக் கப்பல் முழுகியது, எந்தக் கோட்டை விழுந்தது என்று தெரிந்துகொண்டு, அதை ஒன்பது மணிக்குள் யார் தலையிலாவது இறக்கிவைக்க. வாயைத் திறந்தால் முதலில் உதிர்வது 'இதே நாளில்' என்ற இரண்டு சொற்கள்தாம் என்பதால், இவர்களை 'இதே நாளில்' இனத்தார் என்றே அழைப்போம்.

சமவெளியில் இந்த இனம் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வசிக்கிறது. விரலால் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். ஜவ்வாது மலைமேல் அது நடக்காது. டவர் கிடைக்காத இடத்தில் அவர்கள் நேரில் வந்துவிடுவார்கள்.

ஜமுனாமரத்தூரில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கோபால்சாமி இந்த இனத்தின் குறையில்லாத மாதிரி. கடை வாசலில் ஒரு கரும்பலகை. ஜெராக்ஸ் விலை எழுதுவதற்கென்று வாங்கியது. பதினோரு வருடமாக அதில் விலை எழுத இடமில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பன்னிரண்டு நீளநோட்டுகள், மாதத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒரு தேதி. ஆதார் அட்டையை நகல் எடுக்க வருபவர், இயந்திரம் சூடாகும் வரை, அன்றைய தேதியில் உலகம் பட்ட பாடு முழுவதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். இயந்திரம் உண்மையில் அவ்வளவு நேரமா சூடாகிறது? ஊருக்குள் இதில் சந்தேகம் உண்டு.

இந்த இனத்துக்கு எதுவும் தற்செயல் இல்லை. ஒரு ஏப்ரல் பதினைந்தில், போளூரிலிருந்து மேலே வந்த பஸ் கொண்டை ஊசி வளைவில் நின்றுபோய், உள்ளே இருந்தவர்கள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கோபால்சாமி எழுந்து நின்று, இதே நாளில்தான் டைட்டானிக் முழுகியது என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். கண்டக்டர் அவரை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டார். ஒரு ஜனவரி முப்பதில், கல்யாணப் பந்தியில், சரியாகப் பதினோரு மணிக்கு, காந்தியடிகளுக்காக இரண்டு நிமிட மௌனம் என்று அறிவித்து, ரசம் வழியும் கைகளோடு நாற்பது பேரை எழுந்து நிற்க வைத்தார். யார் மறுப்பது? காந்தி அல்லவா! மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் உட்கார்ந்தபடியே அப்பளத்தைக் கடித்தார். அந்தச் சத்தம் பந்தி முழுக்கக் கேட்டது.

அவருக்கே ஒரு பிறந்தநாள் உண்டு: ஜூன் ஒன்று. அன்று பலகையில் மர்லின் மன்றோவுக்கு அடுத்த வரியில் தம் பெயரையும் அடக்கமாக எழுதிக்கொள்வார். பக்கத்து டீக்கடை துரைக்கண்ணு வருடந்தோறும் அதைப் படித்துவிட்டு, "அண்ணே, அன்னிக்கி மலையே பொறந்துதுண்ணே" என்பார். பொய்யில்லை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிவந்த அப்பன் ஆத்தாளுக்குப் பிள்ளை பிறந்த தேதி தெரியாது. கம்பு அறுத்த காலம் என்பார்கள். வாத்தியார் பள்ளி திறந்த தேதியைப் போட்டு எழுதிக்கொண்டார். ஆதாரை நம்பினால் ஜமுனாமரத்தூரில் பாதிப்பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஆனால் கோபால்சாமி மட்டும் அந்தத் தேதியைத் தம் ஜென்ம நட்சத்திரமாகவே நம்பினார்.

இப்படிப்பட்டவரிடம்தான் இந்த மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பதினோரு மணிக்கு, மாணிக்கம்மாள் வந்து நின்றார்.

"அண்ணே, எங்க வூட்டுக்காரர் செத்த தேதி இன்னா?"

அவருடைய கணவர் கண்ணாயிரம், புளியமரம் ஏறி உலுக்குவதில் பேர்போனவர். போன வருடம் புளிக் காலத்தில் ஒருநாள் மரத்திலிருந்து பத்திரமாக இறங்கி வந்து, தண்ணீர் கேட்டு, குடிப்பதற்குள் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் போயிருந்தால் அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். வீட்டு வாசலில் போனதால் யாரும் எழுதவில்லை. இப்போது நிலத்துப் பட்டாவை மாணிக்கம்மாள் பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

"எதிர் ஆபீஸ்ல ஜெயசுதா மேடம் சொல்லிடுச்சிண்ணே. ஒரு வருசத்துக்குள்ளன்னா இங்கியே முடிச்சிடலாமாம். ஒரு நாள் தாண்டிட்டாலும் மலையிறங்கி ஆர்.டி.ஓ. வரைக்கும் போவணுமாம். எத்தினி தபா போய்ட்டு வர்றது? அதான், தேதின்னா ஜெராக்ஸ்கார அண்ணன்தானேன்னு வந்தேன். சாவுக்குக்கூட வந்தீங்களே."

"ஏம்மா, உங்களுக்கே தெரியலியா?"

"தெரியாம இன்னா? புளி உலுக்க ஆரம்பிச்சி மூணாவது மரம். சந்தைக்கு மறுநாள். அத்தச் சொன்னா மேடம் எழுத மாட்டேங்குது."

கோபால்சாமிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அவரிடம் தேவைக்காகத் தேதி கேட்கிறார். மார்ச் நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அரசர்கள் இருந்தார்கள். விமானம் ஓட்டிய பெண்மணிகள் இருந்தார்கள். கிபி, கிமு எல்லாம் இருந்தது. முப்பத்தொரு பக்கமும் முடிந்தது.

"இல்லியா?" என்றார் மாணிக்கம்மாள்.

"அது வந்தும்மா... இது உலக அளவுல..."

"அவரு உலகத்துல இல்லாம எங்க இருந்தாரு?"

கோபால்சாமி பிப்ரவரியையும் எடுத்துப் புரட்டினார், ஏதோ கண்ணாயிரம் அங்கே ஒளிந்திருப்பதைப் போல. வேர்த்தது.

அந்த நேரம் பார்த்துத் துரைக்கண்ணு டீ கொண்டுவந்தார். அவர் ஒவ்வொரு நாளும் கண்ணாடி டம்ளரை வைக்கும்போதே, "இன்னிக்கி யாருண்ணே?" என்று கேட்டுவிடுவார். ஆர்வத்தில் அல்ல. கேட்காவிட்டால் காலி டம்ளர் எடுக்க வரும்போது கோபால்சாமி சொல்வார். அப்போது கடையில் கூட்டம் இருக்கும்.

கோபால்சாமி கவலையில் இருந்தார்தான். ஆனாலும் மீனைத் தண்ணீரில் போட்டால் நீந்தாதா? வாய் தானாகத் தொடங்கியது. "இதே நாளில் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பதில் ஐன்ஸ்டைன் பிறந்தார். எண்பத்து மூன்றில் தாடிக்கார மேதை கார்ல் மார்க்ஸ் லண்டனில் இறந்தார். இரண்டாயிரத்துப் பதினெட்டில், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அண்டத்தை ஆராய்ந்த ஸ்டீபன் ஹாக்கிங்..."

"அண்ணே," என்றார் மாணிக்கம்மாள். "இன்னொரு தபா சொல்லுங்க."

டீக்கடைக்காரர் டம்ளரோடு அப்படியே நின்றார். இன்னொரு முறை சொல்லும்படி கோபால்சாமியிடம் யாரும் கேட்டதாக மலையின் வரலாற்றில் இல்லை.

அவர் மறுபடியும் சொன்னார். இந்த முறை கொஞ்சம் பயத்தோடு.

"அந்த நாற்காலிக்காரரைத்தான் எங்க வூட்டு வாசல்ல சொன்னீங்க," என்றார் மாணிக்கம்மாள். "தாடிக்காரரையும். மேளம் அடிச்சிக்கினு இருந்தவங்களை நிறுத்திட்டு சொன்னீங்க. அமிர்தியில இருந்து வந்த எங்க சின்ன மாமனாரு, மார்க்சுன்றது யாரு, பங்காளியா, அவருக்கும் ஆள் அனுப்பிச்சாச்சான்னு கேட்டாரு. நான் அழுதுக்கினே கேட்டுக்கினு இருந்தேன்."

கோபால்சாமி பலகையைப் பார்த்தார். மார்ச் 14. தம் கையெழுத்துத்தான். போன வருடமும் இதே சாக்கட்டியால் இதே பெயர்களை எழுதிவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு, மாலையோடு சாவு வீட்டுக்குப் போனது இப்போது நினைவுக்கு வந்தது.

"இன்னிக்கா?" என்றார் துரைக்கண்ணு. "அப்ப இன்னிக்கோட ஒரு வருசம்! ஓடுங்கண்ணே!"

ஓடினார்கள். கோபால்சாமி கடையைப் பூட்டவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் சாலையைக் குறுக்கே கடந்த வேகத்தில் செருப்பு ஒன்று இந்தப் பக்கமே நின்றுவிட்டது. எதிர் ஆபீஸில் ஜெயசுதா, மாணிக்கம்மாள் நீட்டிய மனுவைப் பார்த்தார்.

"தேதி எப்படி சார் கரெக்டா சொல்றீங்க?"

"அன்னிக்கி நான் அங்க இருந்தேன். கூட்டத்துல பேசினேன்."

"சரி, சாட்சியா எழுதிக்கிறேன். இறந்தவரைப் பத்தி இன்னா பேசினீங்க?"

கோபால்சாமி வாயைத் திறந்தார். ஐன்ஸ்டைன் பிறந்த ஊர் ஞாபகம் வந்தது. மார்க்ஸின் வயது வந்தது. கண்ணாயிரத்தைப் பற்றி அன்று தாம் சொன்ன ஒரு வார்த்தையாவது வருகிறதா என்று தேடினார். வரவில்லை. சொல்லியிருந்தால்தானே வரும்?

"அவரு நல்லா மரம் ஏறுவாருன்னு எழுதிக்கம்மா," என்று மாணிக்கம்மாளே சொன்னார்.

"அதுக்கு இதுல கட்டம் இல்லீங்கம்மா," என்றார் ஜெயசுதா. பிறகு தேதியை எழுதி, முத்திரையை எடுத்துக் குத்தினார். "நாளைக்கி வந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

திரும்பி வந்ததும் கோபால்சாமி சாக்கட்டியை எடுத்தார். பலகையின் அடியில், ஹாக்கிங்குக்குக் கீழே மிச்சமிருந்த இரண்டு விரல் இடத்தில், குனிந்து, 'கண்ணாயிரம்' என்று எழுதத் தொடங்கினார்.

"ஏண்ணே அடியில எழுதறீங்க?" என்றார் மாணிக்கம்மாள். "அவரு எப்பவும் உச்சிக்குப் போறவரு. மேல எழுதுங்க."

கோபால்சாமி கையால் துடைத்தார். எழுதுவதற்கு ஏணி இல்லை. துரைக்கண்ணுவின் டீக்கடை ஸ்டூலைப் போட்டு ஏறி, ஐன்ஸ்டைனுக்கு மேலே, பலகையின் மரச்சட்டத்தை ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதினார். அன்று ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் முதல் வரியை நின்று படித்தார்கள். மீதி மூன்றையும் வழக்கம்போல் யாரும் படிக்கவில்லை.

அதன்பின் அவர் திருந்திவிட்டாரா? ஒருநாளும் இல்லை. மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் பலகையில் ஜூலியஸ் சீசர் தவறாமல் குத்துப்பட்டார். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: நோட்டுகளில் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் இப்போது ஒரு வரி காலியாக இருக்கிறது. கடைக்கு வருபவர்களிடம், "உங்க வூட்ல யாராவது?" என்று தயங்கிக் கேட்கிறார். இயந்திரம் இப்போது இன்னும் அதிக நேரம் சூடாகிறது.

நல்லவேளை, நமக்கு அந்த நோய் இல்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சிரிப்பது தெரிகிறது. இருக்கட்டும். மேலே மார்ச் 14 என்று படித்ததும், '3.14 என்னும் பை தினத்தை விட்டுவிட்டாரே, அது கணிதத்துக்கே முக்கியமான நாளாயிற்றே' என்று யாருக்காவது சொல்ல உங்கள் நாக்கு துடித்ததா, இல்லையா? துடித்தது என்றால், அதே நாளில் உங்கள் தெருவில் யார் செத்தார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தெரியவில்லையா? ஜமுனாமரத்தூரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் இன்னொரு பெயருக்கும் இடம் இருக்கிறது.